வண்டி ஓட்டுவோர் வண்டியைப் பேணவும் கற்க வேண்டும்

செக்காலை என்ற பெயரைக் கேட்டதுமே செக்கும் ஆலையும் நம் நினைவுக்கு வருகின்றன. மாடு பூட்டி மரச்செக்கு ஆட்டிய நாட்களில், மாட்டைச் சுற்றிவரச் செய்ததோடு தம் வேலை முடிந்தது என்று செக்காட்டுபவர் இருந்ததில்லை. உலக்கை தேய்ந்திருக்கிறதா, உரலில் கீறல் கண்டிருக்கிறதா, நுகத்தடிக் கயிறு நைந்திருக்கிறதா என்பதையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். மாட்டு வண்டி வைத்திருந்த குடியானவரும் அப்படியே. புறப்படுமுன் அச்சுக்கு மசகிட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்த பின்னரே அவர் மாட்டைப் பூட்டினார். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்ற பழமொழி அவருக்கு ஏட்டுப் படிப்பு அன்று, அன்றாட அநுபவம்.

நெசவாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இழை அறுந்தால் பிணைப்பவரும், விழுது தளர்ந்தால் சீர்செய்பவரும், நாடா தடுமாறினால் காரணம் கண்டுபிடிப்பவரும் தறியில் அமர்ந்திருப்பவர்தாம். தறியிலும் அச்சு உண்டு. வண்டியிலும் அச்சு உண்டு. தறியின் அச்சைப் பேணத் தெரியாதவரை நாம் நெசவாளர் என்று அழைப்பதில்லை. அப்படியிருக்க, சக்கரத்தைச் சுழற்றவும் விசையை மிதிக்கவும் மட்டும் தெரிந்த ஒருவரை முழுமையான ஓட்டுநர் என்று எவ்வாறு ஒப்புக்கொள்கிறோம்? இக்கேள்வியை நம் அங்கத்தினர்கள் யாவரும் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இழப்பு யாருக்கு?

இன்று காரைக்குடியின் செக்காலைச் சாலையில் ஓடுவன சிற்றுந்துகளும் சிறு சரக்கு வண்டிகளும் இரு சக்கர வண்டிகளுமே. 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலைகளும், தோட்டத்துக் காய்கறியும், பாலும், நெல்லும் இவ்வண்டிகளிலேதான் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. இவற்றுள் பல கடன் பெற்று வாங்கியவை. திருமயம், புதுக்கோட்டை வழியே திருச்சிக்கோ, திருப்பத்தூர், மேலூர் வழியே மதுரைக்கோ சென்றுகொண்டிருக்கும் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் என்ன நேரும்? காய்கறி வாடும், பால் திரியும், சேலைக் கட்டு குறித்த நாளில் கடை சேராது. அன்றைய கூலி போகும். வண்டி நின்றாலும் கடனுக்குரிய தவணை நிற்பதில்லை.

பணத்தினும் பெரிது உயிர். காற்றுக் குறைந்த டயர் வெடிப்பதும், தடுப்பு பிடிக்காமற்போவதும், பின்விளக்கு எரியாத வண்டியின்மீது இருளில் மற்றொரு வண்டி மோதுவதும் பெரும்பாலும் விதியின் செயல் அல்ல. ஐந்து நிமிட நேரம் கண்ணால் பார்த்திருந்தால் முன்னரே தெரிந்திருக்கக்கூடிய குறைகளின் விளைவே அவை.

நம் நாட்டுச் சட்டமும் இதையே கருதுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அக்குறை ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதில்லை. சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். ஆகவே 'எனக்குத் தெரியாது' என்ற விடை எப்பொழுதும் காப்பாற்றாது.

சக்கரமும் காற்றும்

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்டுள்ள காற்று. ரப்பர் அக்காற்றைக் காக்கும் உறை. காற்றுக் குறையும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிற்றுந்தின் சக்கரம் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் சுழல்கிறது. ஒரு கம்பியை மாறிமாறி வளைத்தால் அது சூடேறி ஒடிவதைப்போல, இத்தனை முறை மடங்கும் ரப்பரும் சூடேறுகிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் வெப்பமும் சேர்ந்தால் டயர் வெடிப்பதில் வியப்பில்லை.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதை அண்டை வீட்டாரைக் கேட்டு அறிய வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டியுள்ள தாளிலேயே அது குறிக்கப்பட்டிருக்கும். பாரம் ஏற்றும்போது வேண்டிய அளவும் அதில் தனியே இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளப்பதே முறை. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் தானே கூடியிருக்குமாதலால், அதை நம்பிக் காற்றைக் குறைத்துவிடலாகாது.

டயரின் வரிப்பள்ளம் சிற்றுந்துகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இதைக் காட்டுவதற்கென்றே பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியாகவேண்டும். மழைநீரை ஒதுக்கித் தள்ளி, சாலையைப் பற்றிக்கொள்ள உதவுவது இப்பள்ளமே. டயருக்கு வயதும் உண்டு. அதன் பக்கச்சுவரில் பொறித்துள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் அது பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பழைய டயரைப் புதியதென்று சொல்லி விற்பவரிடம் ஏமாறாதிருக்க இவ்வறிவு ஒன்றே போதும்.

மாற்றுச் சக்கரத்தை நாம் 'ஸ்டெப்னி' என்கிறோம். இச்சொல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இன்றி ஓடிய காலத்தில், 1904-ஆம் ஆண்டில், அங்கேதான் அவசரத்துக்குப் பொருத்தும் சக்கரத்தைச் செய்து விற்கலாயினர். இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததும் அதே 1904-இல்தான். இடர் வருமுன்னரே அதற்குரியதைச் சேர்த்துவைத்தல் என்பதில் இரண்டும் ஒரே கொள்கையுடையவை. ஆனால் காற்றில்லாத ஸ்டெப்னி, சந்தா கட்டாத சங்கத்தைப் போன்றது; வேண்டும்போது உதவாது. மாதம் ஒருமுறை அதன் காற்றையும் பார்த்துவைக்கவேண்டும்.

சக்கரம் மாற்றும் முறை எளிது. ஆனால் வரிசை தவறலாகாது. சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கைத்தடுப்பைப் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அணைகொடுக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வைக்கவேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே திருகுகளைச் சிறிது தளர்த்திக்கொண்டு, அதன் பின்னரே ஜாக்கியை ஏற்றவேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும்; வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். புதிய சக்கரத்தைப் பொருத்தும்போது திருகுகளை ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக முடுக்கினால்தான் சக்கரம் கோணாமல் அமரும். வண்டியை இறக்கிய பின் இறுதியாக ஒருமுறை முடுக்கி, சிறிது தொலைவு ஓடியதும் மீண்டும் சரிபார்த்தல் நலம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகலாகாது.

எண்ணெய்

ஆமணக்கெண்ணெயை வண்டி அச்சுக்கு இடுவது நம் உழவர் அறிந்த பழக்கம். மோட்டார் எந்திரங்களின் தொடக்க காலத்தில் அவற்றுக்கும் ஆமணக்கெண்ணெய் பயன்பட்டது. காஸ்ட்ரால் என்ற எண்ணெயின் பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். எந்திரத்தில் எண்ணெய்க்கு மூன்று வேலைகள் உண்டு. உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையில் மெல்லிய ஏடாக நிற்பது ஒன்று. வெப்பத்தை எடுத்துச்செல்வது மற்றொன்று. கசடைத் தாங்கி வடிகட்டிக்குக் கொண்டுசேர்ப்பது மூன்றாவது.

அதன் அளவைப் பார்க்க, சமதளத்தில் வண்டியை நிறுத்தி எந்திரத்தை அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்து, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுக்கவேண்டும். எண்ணெய் இரு குறிகளுக்கு இடையே இருத்தல் வேண்டும். கீழ்க்குறிக்குக் குறைவது எவ்வளவு தீதோ, மேற்குறிக்கு மிஞ்சுவதும் அவ்வளவு தீது. எண்ணெய் மோர் கலந்ததுபோல் வெளுத்திருந்தால், குளிர்நீர் உள்ளே கசிந்து கலக்கிறது என்று ஐயுறவேண்டும். ஓடும்போது எண்ணெய்க் குடம் போன்ற செவ்விளக்கு எரிந்தால் 'ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது கூடாது. அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எந்திரத்தை அணைத்தல் வேண்டும். எண்ணெய் அழுத்தமின்றி ஓடும் எந்திரம் சில நிமிடங்களிலேயே இறுகிப்போகக்கூடும். ஒரு புட்டி எண்ணெயின் விலையில் முடியவேண்டிய காரியம், எந்திரத்தையே மாற்றும் செலவாக முடியும்.

நீர்

தண்ணீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைப்பதால், அங்கே நீர் அதற்கு மேற்பட்ட வெப்பத்திலும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரென்று குறைந்து, நீர் முழுதும் பொங்கிப் பீச்சும். முகமும் கையும் வெந்துபோன ஓட்டுநர்கள் பலர். ஆகையால் எந்திரம் நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்கலாகாது. கொதிக்கும் எந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் தவறு, உலோகம் வெடிக்கும்.

அவசரத்துக்கு நல்ல நீரை ஊற்றலாமேயன்றி, கிணற்று நீரையே வழக்கமாகக் கொள்ளலாகாது. கடின நீர், காய்ச்சும் பாத்திரத்தில் உப்புப் படியவைப்பதைப் போலவே ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களிலும் படியவைத்து அடைத்துவிடும். வண்டிக்குரிய குளிர்நீர்க் கலவையில் துருத் தடுக்கும் பொருளும் சேர்ந்திருக்கிறது. இக்கலவை நஞ்சாகும், சுவையோ இனிப்பு. சிந்தியதைக் குழந்தைகளும் கன்றுகளும் நாய்களும் நக்கிவிடாதபடி உடனே கழுவிவிடவேண்டும்.

மின்கலம்

மின்கலத்தைப் பற்றிப் பேசும்போது நம் ஊரைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. வள்ளல் ஆர்எம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் அந்நாளைய துணைக் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேதான் இருக்கிறது. மின்கலமும் உலோகத் துருவும் அந்நிலையத்தின் தலையாய ஆராய்ச்சிப் பொருள்கள். அத்தகைய ஊரில் வாழும் நாம், மின்கலத்தின் முனையில் பூத்திருக்கும் வெண்பொடியைக் கண்டும் காணாமல் இருப்பது பொருந்துமா?

ஈயமும் அமிலமும் கொண்ட மின்கலத்தைப் பிரெஞ்சு நாட்டுக் காஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்டுபிடித்தார். சிற்றுந்தில் இருப்பது இத்தகைய ஆறு அறைகளின் தொடர். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட்டு தருகிறது. வண்டி சில மணி நேரம் ஓடாமலிருந்தபின் அளந்தால், நிறைந்த மின்கலம் 12.6 வோல்ட்டு அளவில் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அது பெரிதும் வடிந்துவிட்டது எனலாம். வடிந்த நிலையில் நெடுநாள் விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டு, பின்னர் மின்னேற்றினாலும் பழைய வலு திரும்பாது. நாள்கணக்கில் வெளியூர் செல்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

முனைகளில் பூக்கும் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, வாசலின் பூசினால் போதும். முனைகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டவேண்டும். ஏனெனில் எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருக்கிறது. அது இணைந்திருக்கும்போது நேர்முனையைத் திருகினால், ஸ்பானர் தவறி உடலில் பட்ட மாத்திரத்தில் பெருமின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும். மின்னேறும்போது மின்கலத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால், அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. நீர் ஊற்றும் வகை மின்கலமானால் வாலை வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றலாகாது.

தடுப்பு

இதுவரை சொன்னவற்றை நாமே செய்யலாம். தடுப்பின் காரியமோ வேறு. அதன் பழுதை நாம் அறிந்துகொள்ளவேண்டும். சீர்செய்வதைத் தேர்ந்தவரிடம் விடவேண்டும். எது வரையில் நம் கை செல்லலாம் என்று தெரிந்திருப்பதும் இக்கல்வியின் ஒரு பகுதியே.

மிதியை அழுத்தும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது ஒரு திரவம். நீர்மப்பொருள் அழுத்தத்தால் சுருங்காது என்பதால்தான் நம் கால் அழுத்தம் முழுதும் அங்கே போய்ச் சேர்கிறது. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அது குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவிக்குமிழ்களை உண்டாக்கும். குமிழோ அழுத்தினால் சுருங்கும். அப்பொழுது மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே வண்டியோடு வரும் கையேட்டில் குறித்த காலத்தில், பல வண்டிகளுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை, இதை மாற்றியாகவேண்டும். மிதி பஞ்சுபோல் அமுங்கினாலும், வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டாலும், சுமை ஏற்றுவதை நிறுத்திப் பட்டறைக்குச் செல்லுதல் வேண்டும்.

புதிய வண்டியானால்?

'இக்காலத்து வண்டியில் எல்லாம் கணிப்பொறி. நாம் தொட என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்கின்றனர். அம்பாஸடர் காலத்து ஓட்டுநர் கார்புரேட்டரைக் கழுவவும் பிளக்கைத் துடைக்கவும் அறிந்திருந்தார். அவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அந்த வேலைகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் டயரும், எண்ணெயும், நீரும், தடுப்பும், விளக்கும் மறையவில்லை. புதிய வண்டி தன் குறையைத் தானே விளக்கால் தெரிவிக்கிறது. செவ்விளக்கானால் உடனே நிறுத்துக. மஞ்சள் விளக்கானால் விரைவில் காட்டுக. இவ்விரண்டையும் பிரித்தறிதலும் ஒரு கல்வியே. மின்சார வண்டியில் எந்திர எண்ணெய் இல்லை. டயரும் தடுப்பும் அதற்கும் உண்டு. அதிலுள்ள செம்மஞ்சள் நிறக் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் பாய்வதால் அவற்றைத் தொடவே கூடாது.

உழவர்களுக்கு ஒரு சொல். டிராக்டர் உழும்போது எழும் செம்மண் தூசு எந்திரத்துக்குப் பகை. காற்று வடிகட்டியை மற்றவர்களைவிட அடிக்கடி அவர்கள் பார்க்கவேண்டும். இரவில் டிரெய்லரை இழுத்துச் செல்வோர், அதன் பின்புறத்தில் ஒளி திருப்பும் சிவப்புப் பட்டைகள் சேறு மூடாமல் இருக்கின்றனவா என்று நோக்கவேண்டும்.

செய்யவேண்டியவை

நாள்தோறும்: வண்டியைச் சுற்றி வந்து டயர், விளக்குகள், அடியில் ஒழுக்கு ஆகியவற்றைப் பார்த்தல், புறப்பட்டதும் மெதுவாகச் செல்லும்போதே தடுப்பைச் சோதித்தல்.

வாரந்தோறும்: எந்திர எண்ணெய், குளிர்நீர், தடுப்புத் திரவம், கண்ணாடி துடைக்கும் நீர் ஆகியவற்றின் அளவைப் பார்த்தல், டயர்க் காற்றை அளத்தல்.

மாதந்தோறும்: ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் ஆகியவற்றைச் சரிபார்த்தல், மின்கல முனைகளைத் துடைத்தல், காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்தல்.

செய்ததை ஒரு சிறு குறிப்பேட்டில் நாளும் ஓடிய கிலோமீட்டரும் இட்டு எழுதிவைத்தால், பட்டறைக்காரரிடம் பேசும்போது அது துணை நிற்கும். என்ன குறை, எப்போது தொடங்கியது, முன்பு என்ன மாற்றப்பட்டது என்று விளங்கச் சொல்லும் ஓட்டுநரிடம் நல்ல தொழிலாளி மதிப்புக் கொள்கிறார். வேண்டாத செலவைச் சொல்லத் துணிபவரும் தயங்குகிறார். இக்கல்வி தொழிலாளிகளின் பிழைப்பைக் கெடுக்கும் என்று எவரும் அஞ்சவேண்டாம். காலத்தில் கொண்டுவரப்படும் சிறு பழுதே அவர்களுக்கும் நமக்கும் நன்மை.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக் கற்ற அறிவே அவருக்கு முதலாக இருந்தது. எல்லோரும் ஜி.டி. நாயுடு ஆகவேண்டியதில்லை. ஆனால் வண்டியின் முன்மூடியைத் திறக்க அஞ்சாத மனம் எல்லோருக்கும் வேண்டும். ஸ்கூட்டரில் நூலும் துணியும் கொண்டுசெல்லும் நம் சகோதரிகளுக்கும் வேண்டும்.

ஆதலின், ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர்களில் வண்டி ஓட்டுவோரை ஆண்டுக்கு இருமுறை, கோடை தொடங்குமுன் ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், ஒன்றுகூட்டி, தேர்ந்த தொழிலாளி ஒருவரைக் கொண்டு அரைநாள் செய்முறைப் பயிற்சி அளிக்குமாறு வேண்டுகிறோம். காற்றழுத்த மானி ஒன்றையும் வோல்ட்டு மானி ஒன்றையும் சங்கத்தில் வாங்கி வைத்தால் அங்கத்தினர் யாவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். தனியொருவருக்கு அருமையாகத் தோன்றும் பொருளைப் பலர் சேர்ந்து எளிதாக்கிக்கொள்வதற்குத்தானே நாம் சங்கம் அமைத்திருக்கிறோம். வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அதுவரை காத்திராமல், நாளைக் காலை புறப்படுமுன் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார்களாக.